அளவறிந்து மடி இழுப்போம்

(பங்கின் பொன்விழாவையொட்டி நடைபெற்ற மீனவர் கருத்தரங்கில் மீனவர் குழுவின் சார்பில் நிகழ்த்தப்பெற்ற உரை)



இந்தக் கருத்தரங்கில் கோவில் வரலாறு பற்றியும் கல்வி பற்றியும் அறிஞர்கள் பேசிவிட்டார்கள். எங்களுக்குக் கொடுக்கப்பட்ட தலைப்பு, மீன்பிடிச் சட்டங்களும் நம் கரையும் என்பது. சட்டம் என்ற சொல்லைக் கேட்டதும் நம்மில் பலர் முகம் சுளிப்பது இயற்கை. கடலில் கோடு கிழித்தவன் யார், அலைக்கு வேலி போட முடியுமா என்று கேட்போம். ஆனால் எதை, எவ்வளவு, எப்போது பிடிக்கலாம் என்ற கேள்வி அரசு அலுவலகத்தில் பிறந்தது அன்று. அது நம் மணலில், நம் முன்னோர்களிடம் பிறந்தது. இதைத்தான் முதலில் உங்கள் முன் வைக்க விரும்புகிறோம்.

கரைமடி கற்பித்த கட்டுப்பாடு

கரைமடியை எண்ணிப் பாருங்கள். கயிற்றின் ஒரு முனை கரையில் நிற்பவர் கையில் இருக்கும். வள்ளம் மறுமுனையோடு கடலுக்குள் சென்று, மடியை அரைவட்டமாக வளைத்துப் போட்டுக்கொண்டு கரைக்குத் திரும்பும். இரண்டு பக்கமும் ஆட்கள் நின்று இழுப்பார்கள். ஒரே கரையில் பல மடிகள் இருந்தால், முதலில் யார் வளைப்பது, அடுத்தது யார் என்பதற்கு முறை உண்டு. ஒரு மடி கரையேறும் முன்னே இன்னொருவர் குறுக்கே வளைத்தால் ஊரே கூடிக் கேட்கும். எழுத்தில் இல்லாத சட்டம்தான். ஆனாலும் அதை மீறியவர் ஊரில் தலைநிமிர்ந்து நடக்க முடியாது.

அதுபோல, ஞாயிற்றுக்கிழமை கடலுக்குப் போவதில்லை என்பது நம் கடற்கரைப் பங்குகள் பலவற்றின் பழைய கட்டுப்பாடு. அது ஆண்டவருக்குக் கொடுத்த நாள். அதே நாள் கடலுக்கும் ஓய்வு நாளாயிற்று. 'நான் போகாவிட்டால் பக்கத்து வள்ளக்காரன் போய்விடுவானே' என்று எவரும் அஞ்சவில்லை. ஏனென்றால் பக்கத்து வள்ளமும் கரையில்தான் கிடந்தது. எல்லோரும் சேர்ந்து கைக்கொள்ளும் கட்டுப்பாட்டில் எவருக்கும் நஷ்டமில்லை என்ற பாடத்தை நம் முன்னோர் பள்ளிக்கூடம் போகாமலே கற்றிருந்தார்கள்.

அரசு வகுத்த எல்லைகள்

இன்றைய சட்டங்களைப் புரிந்துகொள்ள, அவற்றை நான்காகப் பிரித்துக்கொள்வது எளிது. இடம், காலம், வலை, அளவு என்பவையே அந்த நான்கு.

முதலாவது இடம். 1960-களிலும் 1970-களிலும் விசைப்படகுகள் பெருகியபோது, அவை கரையை ஒட்டி வந்து மடி இழுத்தன. கட்டுமரக்காரர் போட்ட வலைகள் அறுந்தன. கரைக்குக் கரை மோதல்கள் நடந்தன. இதன் பிறகே தமிழ்நாடு கடல் மீன்பிடி ஒழுங்குபடுத்தும் சட்டம் 1983-ஆம் ஆண்டில் வந்தது. கரையிலிருந்து 3 கடல் மைல், அதாவது சுமார் ஐந்தரைக் கிலோமீட்டர் வரையுள்ள நீர்ப்பரப்பு பாரம்பரிய மீனவருக்கென்று அப்போது ஒதுக்கப்பட்டது. இது யாரோ மனமிரங்கித் தந்த சலுகை அன்று. மீனவர்கள் கேட்டுப் பெற்ற உரிமை. 1989-ஆம் ஆண்டு மே முதல் நாள், இந்தியாவின் இரு கடற்கரைகளிலிருந்தும் புறப்பட்ட மீனவர் பயணங்கள் நம் கன்னியாகுமரியில் வந்து கூடியதையும், அன்று துப்பாக்கிச் சூடு நடந்ததையும் நம் மூத்தோர் மறந்திருக்க மாட்டார்கள். நீரைக் காப்பதும் உயிரைக் காப்பதும் ஒன்றே என்பதுதான் அந்தப் பயணத்தின் முழக்கம்.

இரண்டாவது காலம். மீன்கள் பெருகும் பருவத்தில் இழுவைப் படகுகள் கடலுக்குச் செல்லக் கூடாது என்ற தடை, பக்கத்துக் கேரளத்தில் 1988-ஆம் ஆண்டிலும் தமிழ்நாட்டில் 2001-ஆம் ஆண்டிலும் வந்தது. 45 நாட்களாக இருந்த தடை 2017 முதல் 61 நாட்களாயிற்று. இதில் நம் மாவட்டத்துக்கு ஒரு தனித்தன்மை உண்டு. ஆரோக்கியபுரம் முதல் நீரோடி வரை சுமார் 70 கிலோமீட்டர் நீளமுள்ள நம் கரை, இரு கடற்கரைகளையும் தொட்டு நிற்கிறது. சின்னமுட்டம் பக்கத்துக்குக் கிழக்குக் கரையின் தடை, ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை. குளச்சல், தேங்காய்ப்பட்டணம் உள்ளிட்ட மேற்குக் கரைக்கு ஜூன் முதல் நாள் தொடங்கி ஜூலை 31 வரை. ஒரே மாவட்டத்தில் இரண்டு தடைக்காலம் என்பதால்தான் குழப்பம். கட்டுமரம் போன்ற விசையில்லாக் கலங்களுக்கு இந்தத் தடை இல்லை.

மூன்றாவது வலை. இழுவை மடியின் கடைசிப் பை சாய்சதுரக் கண்களால் ஆனது என்று வைத்துக்கொள்வோம். மடியை இழுக்கும்போது அந்தக் கண்கள் நீண்டு, ஒட்டி மூடிக்கொள்ளும். கண் பெரிதாக இருந்தும் குஞ்சு தப்ப வழியில்லை. சதுரக் கண்ணோ இழுக்கும்போதும் திறந்தே நிற்கும். ஆகவேதான் கொச்சியிலுள்ள மத்திய மீன்பிடித் தொழில்நுட்ப நிலையம், மடியின் பைக்கு 40 மில்லிமீட்டர் சதுரக் கண்ணைப் பரிந்துரைக்கிறது. கண்ணின் அளவைப் போலவே கண்ணின் வடிவமும் முக்கியம் என்பது இதனால் விளங்கும். மீன்கூட்டத்தை மொத்தமாக வளைத்து அள்ளும் சுருக்குமடியைத் தமிழ்நாடு அரசு 2000-ஆம் ஆண்டில் தடை செய்ததும் இந்த வகையைச் சேர்ந்ததே.

நான்காவது அளவு. ஒவ்வொரு மீனும் ஒருமுறையாவது முட்டையிட்ட பிறகே பிடிபட வேண்டும் என்பதே இதன் கருத்து. கேரள அரசு 2015-இல் 14 வகைகளுக்கும், பின்னர் 58 வகைகளுக்கும் குறைந்தபட்ச நீளத்தை அறிவித்தது. சாளை 10 சென்டிமீட்டர், கிளிமீன் 12, அயிலை 14. தூத்தூர் வட்டாரத்து நம் சகோதரர்கள் பலர் கொச்சியைத் தளமாகக் கொண்டு தொழில் செய்கிறார்கள். அவர்களுக்கு இது அண்டை மாநிலத்துச் செய்தி அல்ல, அன்றாடச் செய்தி. அளவுகோல் இல்லையே என்று கவலைப்பட வேண்டாம். இரண்டு தீப்பெட்டிகளை நீளவாக்கில் ஒன்றன்பின் ஒன்றாக வைத்தால் ஏறத்தாழ 10 சென்டிமீட்டர். மூக்கு நுனியிலிருந்து வால் நுனி வரை அந்த நீளம் வராத சாளை, குஞ்சுச் சாளை. இந்த விதி வந்தபின் கிளிமீன் பிடிபாடு உயர்ந்திருப்பதாக மத்திய கடல்மீன் ஆராய்ச்சி நிலையம் கண்டிருக்கிறது.

எண்ணிப் பிடிக்கும் நாடு

இந்த நான்கும் போக ஐந்தாவதாக ஓர் எல்லையும் உலகில் உண்டு. அது எண்ணிக்கை. ஒருவர் ஒரு நாளில் இத்தனை மீன்தான் எடுக்கலாம் என்பது. நம் நாட்டுக் கரையில் இந்த வழக்கம் இல்லை. அமெரிக்காவின் மெக்சிகோ வளைகுடாக் கரையில் இருக்கிறது.

அங்கே 'சிவப்பு மீன்' என்று பெயர் பெற்ற ஒரு மீன் உண்டு. சிறியதாக இருக்கும்போது கரையோரக் காயல்களில் வளரும். பெரியதானதும் ஆழ்கடலுக்குப் போய் முட்டையிடும். 1980-களில் நியூ ஆர்லியன்ஸ் நகரத்துச் சமையல் வல்லுநர் பால் புருடோம், அந்த மீனை மசாலா தடவிக் கருக வறுத்துப் பரிமாறினார். அந்தச் சுவை நாடெங்கும் பரவியது. உணவகங்கள் போட்டி போட்டுக் கேட்டன. ஆழ்கடலில் முட்டையிடக் கூடிய பெருமீன் கூட்டங்களைப் படகுகள் வளைத்து அள்ளின. மீன் குறைந்தது. பிறகு அரசு தலையிட்டு ஆழ்கடலில் அதைப் பிடிப்பதை நிறுத்தியது. இன்று டெக்சாஸ் மாநிலத்தில் கரையில் நின்று தூண்டில் போடுபவர் நாளொன்றுக்கு 3 சிவப்பு மீன் எடுக்கலாம். அதுவும் 20 அங்குலத்துக்குக் குறையாமலும் 28 அங்குலத்தைத் தாண்டாமலும் இருக்க வேண்டும்.

குஞ்சை விடச் சொல்வது புரிகிறது, பெரிய மீனை ஏன் விடச் சொல்கிறார்கள் என்று நீங்கள் கேட்கலாம். பெரிய தாய்மீன் இடும் முட்டை மிகுதி என்பதே விடை. குஞ்சைக் காத்தால் நாளை மீன் இருக்கும். தாயைக் காத்தால் பேரப்பிள்ளை காலத்திலும் மீன் இருக்கும். விளையாட்டாகத் தூண்டில் போடுபவருக்கு வகுத்த எண்ணிக்கை விதி, வயிற்றுப்பாட்டுக்குக் கடலுக்குப் போகும் நமக்குப் பொருந்தாது. ஆனால் தாயைக் காக்க வேண்டும் என்ற நியாயம் நமக்கும் பொருந்தும். அது மிக நன்றாகப் பொருந்தும் இடம் நம் பாறைகளில் வாழும் சிங்கி இறால்.

சிங்கி இறால் சொல்லும் செய்தி

முட்டம், கடியப்பட்டணம், குளச்சல், இனயம் என்று நம் மேற்குக் கரையின் பாறைப் பகுதிகள் சிங்கி இறாலுக்குப் பேர்போனவை. கரைக்கு அருகிலேயே, கூடு வைத்தும் அடிவலை விட்டும் நம்மவர்கள் இதைப் பிடித்து வந்தார்கள். வெளிநாட்டு ஏற்றுமதி தொடங்கியதும் இதன் மதிப்பு ஏறியது. மதிப்பு ஏறியதும் சிறியதும் பெரியதும் ஒன்றாகக் கூடைக்கு வந்தன.

இந்திய அரசு 2003-ஆம் ஆண்டு ஜூலையில் ஏற்றுமதிக்கு எடை எல்லை வகுத்தது. நம் பாறைகளில் மிகுதியாகக் கிடைக்கும் வகைக்குக் குறைந்தது 200 கிராம். சேற்றுத் தரையில் வாழும் வகைக்கு 300 கிராம். பல வண்ணமுடைய பெரிய வகைக்கு 500 கிராம். தட்டை உடலுள்ள மணல் சிங்கிக்கு 150 கிராம். இந்த எடைக்குக் குறைந்தது கப்பலேறக் கூடாது, விமானமேறக் கூடாது.

இந்தச் சட்டம் ஏற்றுமதி வாசலில் நிற்கிறது. கரையில் நிற்கவில்லை. 100 கிராம் சிங்கியை வெளிநாட்டுக்கு அனுப்ப முடியாது என்பதால் அது பிடிபடாமல் இருந்துவிடுவதில்லை. அடிமாட்டு விலைக்கு உள்ளூரில் போய்விடுகிறது. சில மாதம் பாறையிடுக்கில் இருந்திருந்தால் முழு விலைக்குப் போயிருக்கக் கூடிய பொருள், ஒரு வேளைக் கூட்டுக்காகக் கைமாறுகிறது.

சினைச் சிங்கியின் கதை இதைவிட வருத்தமானது. தாய்ச் சிங்கி தன் முட்டைகளை வாலின் அடியில் லட்சக்கணக்கில் ஒட்டவைத்துச் சுமக்கும். புதிய சினை ஆரஞ்சு நிறமாக இருக்கும். பொரிக்கும் நாள் நெருங்கும்போது பழுப்பாகும். பொரித்து வரும் குஞ்சு, கண்ணாடித் தாள் போன்ற உடலோடு பல மாதங்கள் நடுக்கடலில் மிதந்து, பல உருமாற்றங்களைத் தாண்டிய பிறகே கரையோரப் பாறைக்கு வந்து சேரும். அந்த லட்சத்தில் கரை சேருவது வெகு சில. அந்தச் சினையைச் சுரண்டி எறிந்துவிட்டுத் தாயை விற்பவர், ஒரு சிங்கியை விற்கவில்லை, ஒரு பருவத்தையே விற்கிறார்.

இங்கே ஒரு நல்ல செய்தியும் உண்டு. சிங்கி எளிதில் சாகாது. ஈரத்தோடு வைத்தால் நெடுநேரம் உயிரோடிருக்கும். அதனால்தான் உயிரோடு விமானத்தில் போகிறது. ஆகவே வலையிலிருந்து காலொடியாமல் எடுத்துக் கடலில் விட்டால் அது பிழைத்துக்கொள்ளும். நாம் விட்டது வீண்போகாது.

சாளையும் நெத்திலியும் அப்படியல்ல. மடியில் நெரிந்து கரைக்கு வந்த குஞ்சைத் திரும்பக் கடலில் எறிவது கடலுக்கும் பயனில்லை, நமக்கும் பயனில்லை. அங்கே முடிவு வலை போடுமுன்னே எடுக்கப்பட வேண்டும். மடியின் கண்ணைப் பார்ப்பதும், குஞ்சுக் கூட்டம் என்று கண்டால் வளைக்காமல் விடுவதுமே வழி. கேரளத்தில் 2012-இல் சுமார் 3.9 லட்சம் டன் கிடைத்த சாளை, 2021-இல் 3,297 டன்னாக வீழ்ந்தது. கடல்நீர் வெப்பமும் எல் நினோவும் காரணங்கள்தாம். ஆனால் வெப்பத்தை நாம் தணிக்க முடியாது. தளர்ந்து நிற்கும் இனத்தின் குஞ்சுகளையும் சேர்த்து அள்ளாமல் இருப்பது நம் கையில் இருக்கிறது.

'நான் விட்டால் அடுத்தவன் பிடிப்பான்'

இவ்வளவும் சொன்ன பிறகு ஒரு சகோதரர் எழுந்து கேட்கலாம். 'நீங்கள் மேடையில் பேசுவீர்கள். மூன்று நாளாக அடுப்பெரியாத வீட்டில், கைக்கு வந்த சிங்கியைக் கடலில் போடு என்று என் மனைவியிடம் யார் சொல்வது? நான் விட்டால் அடுத்த மரத்துக்காரன் பிடிக்க மாட்டானா?'

இது நியாயமான கேள்வி. இதற்குப் புத்திமதி விடையாகாது. தனி ஒருவர் தலையில் இந்தப் பாரத்தை வைப்பது அநீதி. ஒருவர் விட்டு, பத்துப் பேர் பிடித்தால், நல்லவர் ஏமாளியாவார். அடுத்த ஆண்டு அவரும் விடமாட்டார். ஞாயிற்றுக்கிழமைக் கட்டுப்பாடு நின்றது எதனால்? தனி மனிதரின் நல்ல மனத்தால் மட்டுமல்ல. கரை முழுவதும் ஒன்றாக நின்றதனால்தான். கரைமடி முறை நின்றதும் அதனால்தான். ஆகவே அளவு விதியையும் ஊர்க் கட்டுப்பாடாக்கினால் ஒழிய அது நிற்காது என்பதே எங்கள் துணிபு.

சட்டமெல்லாம் சரி என்று நாங்கள் சொல்ல வரவில்லை. 2001-ஆம் ஆண்டு ஜூலையில் சுறா, திருக்கை இனங்கள் அனைத்தையும் பிடிக்கக் கூடாதென்று மத்திய அரசு ஒரே ஆணையில் தடுத்தது. ஆழ்கடல் சுறாத் தொழிலில் நாடறிந்த தூத்தூர் வட்டாரம் உட்பட எத்தனையோ கரைகளின் பிழைப்பில் மண் விழுந்தது. மீனவர்கள் எதிர்த்து எடுத்துச் சொன்னார்கள். அவ்வாண்டு டிசம்பரிலேயே அந்தப் பட்டியல் 10 இனங்களாகச் சுருக்கப்பட்டது. 2022-ஆம் ஆண்டுத் திருத்தத்தால் அது மீண்டும் நீண்டிருக்கிறது. எந்த மீன் பட்டியலில் இருக்கிறது என்று தெரியாமல் பிடித்துவிட்டு வழக்கில் மாட்டுவது பேதைமை. தெரிந்துகொண்டு, தவறான விதியைத் திருத்தக் கேட்பது உரிமை. ஆனால் கேட்பவர் கையில் கணக்கு இருக்க வேண்டும். எந்த மாதம், எந்த மீன், எந்த அளவில் வந்தது என்று எழுதி வைத்திருக்கும் கரையின் பேச்சுக்கு அலுவலகத்தில் மதிப்புண்டு.

எங்கள் விண்ணப்பம்

ஆகவே இந்தப் பொன்விழா ஆண்டின் நினைவாக, பங்குப் பேரவையின் முன்னும் ஊரார் முன்னும் ஐந்து விண்ணப்பங்களை வைக்கிறோம்.

ஒன்று: சினைச் சிங்கி எவர் வலையில் பட்டாலும் உயிரோடு கடலில் விடப்பட வேண்டும்.

இரண்டு: ஏலம் நடக்குமிடத்தில் ஊர்ப் பொதுவில் ஒரு தராசும் ஓர் அளவு பலகையும் இருக்க வேண்டும். 200 கிராமுக்குக் குறைந்த பாறைச் சிங்கியை ஏலம் கூறுபவர் கூறக் கூடாது. விற்க இடமில்லாத பொருளைப் பிடிக்க எவரும் மெனக்கெட மாட்டார்கள்.

மூன்று: இரண்டு தடைக்காலங்களின் தேதிகள், வலைக் கண்ணின் அளவு, பிடிக்கக் கூடாத இனங்கள் ஆகியவற்றைத் தமிழில், நம் கரையில் வழங்கும் மீன் பெயர்களோடு ஒரு பலகையில் எழுதிக் கரையில் நிறுத்த வேண்டும். விதி மாறும்போது பலகையும் மாற வேண்டும்.

நான்கு: பத்தாம் வகுப்புக்கு மேல் படித்த நம் பிள்ளைகள் முறைவைத்து ஏலத்துறையில் அமர்ந்து, மீன் வரவுக் கணக்கை ஒரு நோட்டில் எழுத வேண்டும். மீன் விற்கும் தாய்மார்களும் தாங்கள் கண்டதைச் சொல்ல வேண்டும். எந்த மீன் எந்த மாதம் சிறுத்தது என்பது அவர்கள் கூடைக்குத்தான் முதலில் தெரியும்.

ஐந்து: பாடில்லாமல் வாடும் வீட்டுக்கு உதவ ஊர்ப் பொதுவில் ஒரு சிறு நிதி வேண்டும். பசித்த வீட்டைப் பார்த்துக் கட்டுப்பாடு பேச நமக்கு உரிமை வரவேண்டுமானால், முதலில் அந்த வீட்டின் அடுப்பை நாம் நினைக்க வேண்டும்.

இவற்றை ஓராண்டு மட்டும் செய்து பார்ப்போம். அடுத்த திருவிழாவுக்கு முன் நோட்டைத் திறந்து ஊரார் முன் படிப்போம். பயன் இல்லையென்றால் மாற்றுவோம். பயன் உண்டென்றால், அண்டைப் பங்குகளுக்கும் போய்ச் சொல்வோம். நம் எல்லைக் கல்லை மீன் பார்ப்பதில்லை. நாம் விட்ட சிங்கி அடுத்த ஊர்ப் பாறைக்குப் போகும், அவர்கள் விட்டது நம் பாறைக்கு வரும்.

கடலில் அள்ளுவது நம் உரிமை. அடுத்த தலைமுறைக்கு மிச்சம் வைப்பது நம் கடன். உரிமைக்காகக் கன்னியாகுமரி வரை நடந்த மக்கள் நாம். கடனைத் தீர்க்க ஏலத்துறை வரை நடப்பது பெரிய தூரமில்லை.